எதற்காக என்ற கட்டம்

என் கையெழுத்து அழகானது. இதை நானே சொல்லிக்கொள்வது சரியில்லைதான். ஆனால் வேறு யாரும் சொல்ல முன்வரவில்லை. கையெழுத்தைத் தவிர என்னிடம் இன்னொரு குணமும் இருந்தது. அச்சடித்த ஃபாரம் ஒன்றில் காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணின் வீட்டையும் வேலையையும் அனேகமாகக் காலி செய்துவிட்டிருக்கும்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில், கோயமுத்தூர்ப் பேச்சு பேசுகிற ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தேன். வரப்பில் நாலு எட்டு வைத்தால் ஐந்தாவது எட்டில் சேற்றில் விழுவேன் என்பதால் என்னை மருந்தாளுநர் படிப்புக்கு அனுப்பினார்கள். எழுபதுகளின் நடுவில், மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர்ந்தேன். ஊரில் அப்பாவிடம், "ஏனுங்க, பையன் மலையில என்ன பண்றானுங்க?" என்று கேட்பார்களாம். "மாத்திரை எண்ணறானுங்க" என்பாராம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரி என்றால் எட்டுக் கட்டில், ஒரு பிரசவ அறை, ஒரு மருந்து அறை, ஓர் ஆயா, நான், டாக்டரம்மா. டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருக்குக் காது மந்தம் என்று எஸ்டேட் மேனேஜர் சொல்லிக்கொண்டிருப்பார். மேனேஜர் பேசுவது மட்டும் கேட்காத மந்தம் அது. மேனேஜரை எல்லாரும் துரை என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. துரை மட்டும் போகவில்லை.

எனக்கு முன்பிருந்தே எஸ்டேட்டில் ஒரு வழக்கம். உடம்பு சரியில்லாதவர்கள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். கம்பவுண்டர் ஒரு நோட்டில் பெயர், நோய், எத்தனை நாள் ஓய்வு என்று எழுதுவார். ஒன்பது மணிக்கு அந்த நோட்டு ஆபீசுக்குப் போகும். துரை அதைச் செய்தித்தாள் போலப் படிப்பார். யாருக்கு மூலம், யாருக்குக் கர்ப்பம் கலைந்தது என்பதெல்லாம் துரையிடமிருந்து ஹெட் கிளார்க்குக்குப் போய், மத்தியானத்துக்குள் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்ச் சேரும். நோயாளி வீடு திரும்பும்போது அவளைவிட அவள் நோய் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

டாக்டரம்மா வந்த வாரமே அதை நிறுத்தினார். நோட்டில் பெயரும் நாள் கணக்கும் மட்டும். நோய் என்ன என்பது தனி அட்டையில். அட்டையில் பெயர் கிடையாது, நம்பர். எந்த நம்பர் யார் என்பது எங்கள் இரண்டு பேர் தலைக்குள். அட்டைகள் பூட்டிய அலமாரியில். துரை வந்து, தன் எஸ்டேட்டில் தனக்குத் தெரியாமல் நோய் இருக்கக் கூடாது என்றார்.

"உங்களுக்கு வர்ற கடிதத்தை நான் பிரிச்சுப் படிக்கிறேனா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

துரைக்கு அது உவமை என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபித்துக்கொண்டு போனார்.

முதலில் சொன்ன அந்தப் பெண் கொழுந்து எடுப்பவள். முப்பத்தைந்து வயது. புருஷன் போடிக்குப் போய்வருகிறேன் என்று போனவன், போனதை மட்டும் செய்தான். இரண்டு பெண் பிள்ளைகள். லயத்தில் ஓர் அறை. வேலை இருக்கும்வரை அறை, வேலை போனால் அறையும் போகும். இது எல்லாருக்கும் பொதுவான விதி. கையில் தீப்புண் என்று வந்தாள். சோற்றுப் பானையை இறக்கும்போது சுட்டிருக்கிறது. பிள்ளைதான் "அம்மா, கை கருகுது" என்று சொல்லியிருக்கிறாள்.

"உனக்குத் தெரியலையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சுட்டாத்தானம்மா தெரியும்" என்றாள்.

டாக்டரம்மா என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார். பஞ்சைத் திரியாகத் திரித்து, அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "நான் தொடுற எடத்தை விரலால காட்டு." தோளில் தொட்டபோது காட்டினாள். கழுத்தில் தொட்டபோது காட்டினாள். முழங்கைக்குக் கீழே, கொஞ்சம் வெளிறிப்போயிருந்த இடத்தில் பஞ்சு மூன்று முறை போய் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஆரம்பிக்கலியாம்மா?" என்றாள்.

டாக்டரம்மா அவளிடம் சுற்றி வளைக்கவில்லை. தொழுநோயின் ஆரம்பம், மாத்திரை இருக்கிறது, வருஷக் கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும், இந்த நிலையில் மற்றவர்களுக்கு ஒட்டாது, வேலைக்குப் போகலாம், அடுப்புப் பக்கம் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இது உனக்கும் எனக்கும் இந்தத் தம்பிக்கும் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரியணுமானா நீ சொல்லித்தான் தெரியணும்" என்றார். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பத் தகுந்த முகமா என்று பார்த்தாள் போலிருக்கிறது. நானும் முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டேன்.

வாரம் ஒரு முறை வந்து மாத்திரை வாங்கிப் போனாள். மற்றவர்கள் முன்னால் நான் அவளுக்குச் சளி மருந்து தருவதுபோல இருமிக் காட்டச் சொல்வேன். அவளும் இருமுவாள். அந்த இருமலை வைத்துக்கொண்டு அவளை எந்த நாடகக் கம்பெனியும் சேர்த்திருக்காது.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா, "அந்த மாத்திரை தீரப்போகுது, பாத்துக்கோ" என்றார். அதுவரை கொடுத்தவை அவர் ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்தவை. நான் பார்த்துக்கொண்டேன். மாதாமாதம் மருந்து கேட்டு ஆபீசுக்கு ஒரு இண்டென்ட் ஃபாரம் போகும். மருந்தின் பெயர், எவ்வளவு, எதற்காக என்று மூன்று கட்டம். முந்தைய மாதம் 'எதற்காக' கட்டத்தை இரண்டு இடத்தில் விட்டுவிட்டேன் என்று ஹெட் கிளார்க் ஃபாரத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த அவமானம் மனதில் இருந்தது. அயோடினுக்கு நேரே 'காயத்துக்கு'. பேதி மருந்துக்கு நேரே 'வயிற்றுக்கு'. டாப்ஸோன் மாத்திரைக்கு நேரே, அழகான சாய்வெழுத்தில், 'தொழுநோய்க்கு, ஒரு நபர்'.

அலமாரியைப் பூட்டினேனா என்று தினமும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தவன் நான். நோட்டில் நோய் என்ற வார்த்தையே வராமல் பார்த்துக்கொண்டவன். ஆனால் இண்டென்ட் என்பது என் கணக்கில் மருந்தைப் பற்றியது. மனிதர்களைப் பற்றியதே அல்ல. அடியில் கையெழுத்துப் போட்டு, ஒருமுறை தள்ளிப் பிடித்து அழகு பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஹெட் கிளார்க் அதைப் படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் துரை வந்தார். உட்காரவில்லை. எங்கள் நாற்காலிகளின் மேல் அவருக்குத் திடீரென்று சந்தேகம்.

"யார் அது?"

"நோயாளி" என்றார் டாக்டரம்மா.

"பெயர் வேண்டும். அந்தக் கை கொழுந்தைத் தொடுகிறது. அதைத்தான் ஊரெல்லாம் டீ என்று குடிக்கிறது."

"ஃபாக்டரியில அந்த இலையை நீங்க படுத்துற பாட்டுல எந்தக் கிருமியும் உயிரோட வெளியே வராது. அதுவும் இது ஒட்டாத நிலை. எழுதித் தரட்டுமா?"

"அந்த ஆள் எஸ்டேட்டில் இருக்கக் கூடாது. கீழே ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போகட்டும்."

"போக வேண்டிய தேவை இருந்தா நானே அனுப்புவேன். தேவை இல்லை."

துரை போனதும் டாக்டரம்மா ஃபாரத்தின் நகலைப் பார்த்தார். திட்டவில்லை. "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "இன்னைக்கு அவ வர்ற நாள். என்ன ஆச்சுன்னு நீயே சொல்லு. அவ சமாசாரம் இது. அவளுக்குத் தெரியணும்" என்றார்.

சொன்னேன். மருந்து அறையில், கதவைச் சாத்தி, எழுதிவைத்து மனப்பாடம் செய்தவன் மாதிரி சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை நான் படித்த புத்தகங்களில் எல்லாம் சுலபமாக வரும். வாயில் வர நேரம் ஆனது.

கேட்டு முடித்து அவள், "பேரு எழுதலியே?" என்றாள்.

"எழுதலீங்க."

"பொம்பளைன்னு எழுதினீகளா?"

"நபர்னு எழுதினேன்."

"சரி, அப்ப இன்னைக்கு ராத்திரிக்கு வீடு இருக்கு" என்று மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். இருமவில்லை.

அன்று சாயங்காலம் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இரண்டு வருஷத்தில் எனக்கு அங்கே நாற்காலி கிடைத்தது அன்றுதான். சித்திரபுரம் பக்கம் எஸ்டேட்டுக்கு ஒரு நல்ல குவார்ட்டர்ஸ் காலியாக இருக்கிறது, ஓட்டுக் கூரை, மழைக்கு ஒழுகாது என்றார். என் அறையில் மழைக்காலத்தில் மூன்று பாத்திரம் வைத்துவிட்டு நாலாவது மூலையில் தூங்குவேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீ சொன்னதாக வெளியே வராது" என்றார்.

தைரியமாக ஏதாவது சொன்னேன் என்று எழுத ஆசைதான். கூட இருந்த ஹெட் கிளார்க் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று கேள்வி. உண்மையில் நான் சொன்னது, "டாக்டரம்மாவைக் கேக்கோணுங்க" என்பதுதான். "அவர்களைக் கேட்க வேண்டாம் என்றுதானே உன்னைக் கூப்பிட்டது" என்றார் துரை. "அப்ப எனக்கு ஞாபகமில்லீங்க" என்றேன். ஆயிரத்துச் சொச்சம் மாத்திரைகளை விரலை விடாமல் எண்ணுகிறவன் ஞாபகமில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. ஆனால் என்னை ஒரு பொருட்டாக மதித்து மேற்கொண்டு விசாரிக்கவும் இல்லை. கோழையாக இருப்பதில் இந்த ஒரு சௌகரியம் உண்டு.

இரண்டு நாள் கழித்து உத்தரவு வந்தது. மறுநாள் காலை ஆள் எடுக்கும் களத்தில் எல்லாப் பெண்களும் கை மடித்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். டாக்டர் நடந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். பத்து நிமிஷ வேலை.

டாக்டரம்மா ஆபீசுக்குப் போனார். நான் ஃபைலோடு பின்னால் போனேன். ஃபைலில் ஒன்றும் இல்லை, கையில் ஏதாவது இருக்கட்டும் என்று எடுத்துப் போனது.

"பரிசோதனை செய்யறேன்" என்றார். துரைக்கே ஆச்சரியம். "ஆனா களத்துல இல்ல. ஆஸ்பத்திரியில, கதவு சாத்தி, ஒவ்வொருத்தரா. வேண்டாம்னு சொல்றவங்களைத் தொட மாட்டேன். பெண்கள் மட்டும்னு இல்ல. ஆண்கள், சூப்பர்வைசர்கள், கிளார்க்குகள், பங்களா சமையல்காரர், நீங்க. நோய்க்கு யார் யாருன்னு தெரியாது பாருங்க."

"இரண்டு நாளில் முடியுமா?"

"முடிஞ்சப்ப முடியும்."

"தோலை மட்டும் பாருங்கள்."

"ஆளைக் கூப்பிட்டு உட்கார வச்ச பிறகு, கண்ணு வெளுத்திருந்தா நான் எங்க பாக்கறது, கூரையையா?"

துரை ஒத்துக்கொண்டார். அது மழை விட்டு வெயில் அடித்த சமயம். கொழுந்து நாளுக்கு நாள் முற்றிக்கொண்டிருந்தது. அதை அவர் யோசித்திருக்க வேண்டும். தேயிலை அவர் தொழில்தானே.

முதல் நாள் காலை ஐம்பது பெண்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தார்கள். உத்தரவு எஸ்டேட்டுடையது, ஆகவே அந்த நாளும் வேலை நாள்தான் என்று அவர்களே முடிவு செய்து வெற்றிலையை எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா ஒருத்திக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கண், நாக்கு, நெஞ்சு, வயிறு, கால் வெடிப்பு, அட்டைக் கடிப் புண், கடைசியாகப் பஞ்சுத் திரி. வெளியே வந்த கிழவி ஒருத்தி வராந்தாவுக்கு அறிவித்தாள்: "ஏட்டி, எம் மாமியா பொண்ணு பாக்க வந்தப்பகூட இம்புட்டு நல்லாப் பாக்கலடி."

"பார்த்திருந்தா உன்ன எடுத்திருப்பாளா?" என்றாள் இன்னொருத்தி.

முதல் நாள் முடிந்தபோது இருபத்திரண்டு பேர் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் முறை. மற்றவர்களைப் போலவே போனாள். மற்றவர்களைப் போலவே கால் மணி நேரம். வெளியே வந்து மற்றவர்களைப் போலவே, "நாக்கை நீட்டச் சொல்லுதாக" என்று அலுத்துக்கொண்டாள். எல்லாரும் பார்க்கப்பட்டால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் எதையும் மெதுவாக விளங்கிக்கொள்கிறவன்.

இதற்கிடையில் எனக்கு ஒன்று நேர்ந்தது. குளிக்கும்போது என் இடது முழங்கையில் வெள்ளையாக ஓர் இடம் தெரிந்தது. நகத்தால் கிள்ளினேன். வலித்த மாதிரியும் இருந்தது, வலிக்காத மாதிரியும் இருந்தது. அன்று பூராவும் அந்த இடத்தை விதவிதமாகக் கிள்ளிக்கொண்டே மருந்து கொடுத்தேன். என் சித்தப்பாக்கள், எனக்குப் பேசி வைத்திருந்த பொள்ளாச்சிப் பெண், அவள் அப்பா, எல்லாரும் வரிசையாக மனதில் வந்து எழுந்து போனார்கள். சாயங்காலம் டாக்டரம்மாவிடம் போய், சட்டைக் கையை மடிப்பதற்கு முன்னால், "இது வெளியில தெரியாதில்லீங்க?" என்றேன்.

அவர் பஞ்சுத் திரியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "கண்ணை மூடு" என்றார். தொட்ட இடமெல்லாம் தெரிந்தது. வெறும் தேமல். எதற்காக என்ற கட்டத்தில் நான் எழுதியது என்ன என்பது எனக்கு அந்தக் கண் மூடியிருந்த நேரத்தில்தான் தெரிந்தது. தேமலுக்குக் கந்தகக் களிம்பு கொடுத்தார். அட்டை எழுதினார். எனக்கும் ஒரு நம்பர்.

ஐந்தாம் நாள் துரை வந்தார். பின்னால் ஃபாக்டரி ஆள். ஃபாக்டரிக்கு இலை பாதிதான் வருகிறது, வருவதும் முற்றி வருகிறது.

"இன்னும் எத்தனை பேர்?"

"பாதிகூட ஆகலை. உங்க முறை அடுத்த வாரம் வரும்."

"நிறுத்துங்கள்."

"எழுத்துல கொடுத்தா நிறுத்தறேன். அதுக்கு முன்னால இதுவரைக்கும் பாத்ததுக்கு அறிக்கை."

அறிக்கையை நான்தான் படியெடுத்தேன். எத்தனை பேருக்கு இரத்தம் போதாது, எத்தனை பேருக்குக் குடலில் புழு, எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகள் முதுகில் முழுக் கூடையோடு மேட்டில் ஏறுகிறார்கள், எந்தெந்த லயத்தில் கூரை ஒழுகி இருமல் தீரவில்லை என்று நாலு பக்கம். ஒரு பெயர்கூட இல்லை. கடைசியில் ஒரு வரி: மற்றவர்களிடமிருந்து விலக்கி வைக்க வேண்டிய தோல் நோய் யாருக்கும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் உண்மை. துரை கடைசி வரிக்காகக் கேட்டார், மற்ற நாலு பக்கமும் கூடவே வந்தது. பரிசோதனையை நிறுத்தச் சொல்லி அன்றே எழுத்தில் வந்துவிட்டது. இரும்புச்சத்து மாத்திரைக்கான இண்டென்ட்டையும் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். டாப்ஸோனை இனிமேல் இண்டென்ட்டில் போடக் கூடாது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை பஸ் பிடித்து மலையிறங்கிக் கோதமங்கலம் போய்க் கடையில் வாங்கி வருவேன். வளைவுகளில் எனக்கு வாந்தி வரும். அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டேன்.

கூரைகள் வேயப்படவில்லை. டாக்டரம்மாவின் ஒப்பந்தம் அடுத்த வருஷம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கடிதத்தில் இல்லை. மறையூரிலிருந்து வந்த பஸ்ஸை மூணாற்றில் பிடித்துப் போனார். வழியனுப்ப நான் போயிருந்தேன். உருக்கமாக ஒன்றும் பேசவில்லை. "வாரா வாரம் அவ கையைப் பாரு. புதுசா சுட்ட காயம் இருந்தா விடாதே" என்றார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

புது டாக்டர் இளைஞர், கொல்லம் பக்கம், நல்ல பிள்ளை. சேர்ந்த அன்றே அலமாரியைத் திறந்து அட்டைகளை எல்லாம் படித்தார். ஒன்றை உருவி எடுத்து, "இது யார்?" என்று கேட்டார். கேட்டது நியாயம். மருத்துவம் செய்ய வேண்டியவர் அவர். துரைக்குச் சொல்லாதது வேறு, இவருக்குச் சொல்லாதது வேறு. எனக்குப் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதற்குள் என்னிடம் ஒரு தயக்கம் வளர்ந்திருந்தது. "வெள்ளிக்கிழமை சொல்றேனுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். புது டாக்டருக்குச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"சொல்லலைன்னா?"

"மாத்திரை நான் தந்துட்டுத்தான் இருப்பேன். ஆனா கையைச் சரியாப் பாக்க எனக்குத் தெரியாதுங்க. அவருக்குத் தெரியும்."

"இவரு எப்படி? துரை வீட்டுக்குச் சாப்பிடப் போறவரா?"

"ஒருக்கா போனாருங்க. திரும்பக் கூப்பிடலையாம்."

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். வராந்தாவில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்த பெண்ணுக்கு அந்த ஆவணியில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

"நீங்க சொல்ல வேண்டாம்" என்றாள். "நான் சொல்லிக்கிடுதேன். நீங்க வெளிய நில்லுங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வராந்தாவில் நின்றேன். மூன்று வருஷமாக எல்லார் நோயையும் உள்ளே இருந்து பார்த்தவனுக்கு வெளியே நிற்பது புதிதாக இருந்தது. கால் மணி நேரம் ஆனது. வரிசையில் இருந்த ஒருத்தி, "என்னய்யா, அவளுக்கு அப்படி என்னதான்?" என்று கேட்டாள்.

"தெரியாதுங்க" என்றேன்.

"கம்பவுண்டருக்கே தெரியாதாக்கும்."

"இப்பத் தெரியாதுங்க."

கதவு திறந்தது. அவள் வெளியே வந்து, மூலையில் வைத்திருந்த கூடையைத் தூக்கிக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் மேட்டில் ஏறிப் போனாள். உள்ளே இருந்து புது டாக்டர் ஒரு நம்பரைச் சொல்லி, அடுத்த வாரத்துக்கு மாத்திரை எண்ணி வைக்கச் சொன்னார். எண்ணினேன்.